திறக்காத பார்சலும் போனுக்குள் கிடந்த வீடியோவும்

திருகோணமலை டவுனுக்குள் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவன் என் சித்தியின் மகன். ஒருநாள் கடையைப் பூட்டிய கையோடு கோல் எடுத்து, டச்பே கடற்கரைக்கு வரச் சொன்னான். வீட்டில் வைத்துக் கதைக்க முடியாத விசயம் என்று குரலிலேயே தெரிந்தது. வாங்கிய கச்சான் சுருளைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, நான் அதை ஓடவிட்டே பார்க்கேல்ல. ஆனா என்ர போனுக்குள்ள கிடந்தது. அப்ப நான் குற்றவாளியா?"

நடந்தது இதுதான். பழைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாட ஆள் சேர்ப்பதற்காக வைத்திருந்த வட்ஸ்அப் குழு. அதில் சேரும் லிங்கை யாரோ ஒருவர் முகநூலில் போட்டுவிட்டார். முன்பின் தெரியாத வெளிநாட்டு இலக்கம் ஒன்று நள்ளிரவில் உள்ளே நுழைந்து, நாலு வீடியோவைப் போட்டுவிட்டு வெளியேறிவிட்டது. வீட்டு வைஃபையில் இருந்த போன், அவன் தூக்கத்தில் இருக்கும்போதே நாலையும் இறக்கி வைத்துவிட்டது. காலையில் கலரியைத் திறந்தால், மகளின் பிறந்தநாள் படங்களுக்குப் பக்கத்தில் அந்த நாலு சின்னச் சதுரங்கள். ஒன்றில் இருப்பது சிறுபிள்ளை என்று பார்த்த மாத்திரத்தில் விளங்கியிருக்கிறது. கை நடுங்க எல்லாவற்றையும் அழித்து, குழுவை விட்டு விலகி, ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று நாள் திரிந்திருக்கிறான்.

அன்றிரவு நான் சொன்ன பதில் அரைகுறை. பிறகு சட்டத்தரணி நண்பர் ஒருவரிடம் கேட்டும் சட்டங்களைப் புரட்டியும் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. நீதிமன்றச் செய்தி எழுதிக் கொஞ்சக் காலம் அலைந்தவன். ஆகவே இதை மட்டும் நம்பி யாரும் வழக்காடப் போகவேண்டாம்.

அந்த மூன்று நாளும் அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது "போனில் கிடந்ததா, இல்லையா" என்பதை. சட்டம் அதோடு நிற்பதில்லை. என்ன வந்திருக்கிறது என்று தெரிந்த நேரம் எது, தெரிந்த பிறகு விரல் என்ன செய்தது என்பதைத்தான் அது கூடுதலாகத் தோண்டும்.

முதலில் எது வந்தது என்று பார்க்க வேண்டும். சட்டவிரோதமானது என்று நாங்கள் சொல்வதெல்லாம் ஒரே தரம் இல்லை. வயது வந்தவர்களின் ஆபாசப் படம் என்றால், 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் விற்பதற்கும் விநியோகிப்பதற்கும் பொதுவில் காட்டுவதற்கும் வைத்திருப்பவரைத்தான் குறிவைக்கிறது. குழுவில் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு அழித்தவர் அதற்கு அஞ்சத் தேவையில்லை. அடுத்தவருக்கு அனுப்பினால் கதை வேறு.

சிறுவர் படம் என்றால் எல்லாம் மாறிவிடும். தண்டனைச் சட்டக்கோவையில் 286அ பிரிவு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளை அப்படிப் படமெடுப்பது, அந்தப் படத்தை விற்பது, விநியோகிப்பது என்று அடுக்கிக்கொண்டு போகிற அதே வாக்கியத்தில், உடைமையில் வைத்திருப்பதையும் அது சேர்த்துவிடுகிறது. தண்டனை 2 வருடத்துக்குக் குறையாமல் 10 வருடம் வரை சிறை; தண்டப்பணமும் கூடலாம். படத்தை எடுத்தவனுக்கும் வைத்திருந்தவனுக்கும் ஒரே பிரிவு, ஒரே அளவு. நியாயப்படி இரண்டும் வேறு வேறு பிரிவுகளாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவில் பிள்ளை என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர். பாலுறவுச் சம்மதத்துக்கு எங்கள் சட்டம் வைத்திருக்கும் வயது 16. இந்த இரண்டு வருட இடைவெளிக்குள் விழுகிறவர்கள் பலர். ஏ.எல். படிக்கிற 17 வயதுப் பிள்ளை தானாகவே காதலனுக்கு அனுப்பிய படம், அவன் கோபத்தில் குழுவில் போட்டுவிட்ட படம், அதை "பார்த்தியா இவளை" என்று அடுத்தவருக்குத் தள்ளிவிட்ட படம், எல்லாம் இந்தப் பிரிவுக்குள் வரும். ஊரில் சத்தமில்லாமல் நடப்பது இந்த வகைதான். தள்ளிவிடுகிற ஆளுக்குத் தான் செய்வது 10 வருடக் குற்றம் என்று தோன்றுவதே இல்லை. வம்பு பேசுவதாகத்தான் நினைக்கிறார்.

சரி, உடைமை என்றால் என்ன? 286அ அதற்கு விளக்கம் தரவில்லை.

கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிற எவருக்கும் ஒரு அனுபவம் இருக்கும். தெரிந்தவர் ஒருவர் ஓடிவந்து, "வெள்ளவத்தையில மகன் வந்து வாங்குவான்" என்று ஒரு பார்சலைக் கையில் திணிப்பார். கருவாடாக இருக்கும், பனங்கட்டியாக இருக்கும். ஹபரணையில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்தி அதைப் பிரித்தால் உள்ளே கஞ்சா. பார்சல் உங்கள் மடியில் இருந்தது உண்மை. உள்ளே இருந்தது உங்களுடைய உடைமையா?

இங்கிலாந்தில் அப்போது அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1968இல் தீர்த்த வோர்னர் வழக்கில் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான் வந்தது. வாசனைத் திரவியம் விற்கிற ஒருவர் ஒரு கடையில் தனக்காக வைத்திருந்த இரண்டு பெட்டிகளை எடுத்துப் போனார். ஒன்றில் வாசனைத் திரவியம். மற்றதில் 20,000 போதை மாத்திரைகள். இரண்டிலும் வாசனைத் திரவியம் என்றே நினைத்தேன் என்றார். பெட்டி கையில் இருந்தால் உள்ளே இருப்பதும் உடைமை என்று ஊகிக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது நினைத்ததற்கு முற்றிலும் வேறான ஒன்று, திறந்து பார்க்க வாய்ப்பும் இருக்கவில்லை, சந்தேகிக்கக் காரணமும் இல்லை என்றால் அந்த ஊகம் உடையும் என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்த வாதம். எங்கள் நீதிமன்றங்களும் போதைப்பொருள் வழக்குகளில் பொருள் யாருடைய தனிக் கட்டுப்பாட்டில் இருந்தது, அவருக்கு அது தெரிந்திருந்ததா என்று நெடுங்காலமாகப் பார்த்துத்தான் வருகின்றன.

போனுக்கு இதைப் பொருத்தினால், தானாக இறங்கிய வீடியோ ஒரு திறக்காத பார்சல். சின்னச் சதுரத்தில் பிள்ளையின் முகம் தெரிந்த அந்த நொடியில் பார்சல் பிரிந்துவிட்டது. அதற்கு முந்திய ஆறு மணித்தியாலம் ஒரு கணக்கு, பிந்திய ஆறு நிமிடம் வேறு கணக்கு.

தற்செயல் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. இரண்டையும் ஆட்கள் போட்டுக் குழப்புவார்கள். "எனக்குத் தெரியவே தெரியாது" என்பது முதலாவது. அறிவு இல்லாமல் உடைமை இல்லை என்ற வாதம் அது. அங்கே தெரிந்திருந்தது என்று காட்டவேண்டிய பாரம் வழக்குத்தொடுநரின் தலையில். "தெரிந்ததுதான், ஆனால் தற்செயலாக நடந்தது" என்பது மற்றது. அதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 73ஆம் பிரிவு இருக்கிறது: சட்டபூர்வமான ஒரு செயலை, சட்டபூர்வமான முறையில், உரிய கவனத்தோடு செய்துகொண்டிருக்கும்போது, குற்ற எண்ணமோ குற்ற அறிவோ இல்லாமல் விபத்தாக நேர்ந்தது குற்றமாகாது. இந்த விதிவிலக்கைப் பிடிக்கிறவர் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி அதைத் தானே நிரூபிக்க வேண்டும். வழக்குத்தொடுநரைப்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. "நடந்திருக்கக்கூடியது இதுதான்" என்று தராசு சாய்ந்தால் போதும். 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் சொன்ன அந்த அளவுகோல் இன்றும் நிற்கிறது.

73ஆம் பிரிவில் என்னை இழுத்து நிறுத்துவது "உரிய கவனம்" என்ற சொல். தம்பியின் போனில் வைஃபை கிடைத்தால் எல்லாவற்றையும் இறக்கு என்றுதான் அமைப்பு இருந்தது. வட்ஸ்அப்பைப் போட்டதும் இருக்கிற அமைப்பே அதுதான். மாற்றாதவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது இருப்பர் என்று அவன் கடை அனுபவத்தில் சொல்கிறான். அதைக் கவனக்குறைவு என்று எந்த நீதவானும் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் குழுவில் அப்படியான ஒன்று முன்னரும் வந்திருந்து, அதைக் கண்டும் குழுவிலேயே இருந்து, அமைப்பையும் மாற்றாமல் விட்டவர் இரண்டாம் முறை "தற்செயல்" என்று சொல்வது கடினம்.

இங்கிலாந்தில் இதை நேரடியாகவே எழுதிவைத்துவிட்டார்கள். அவர்களுடைய 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, சிறுவர் படம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மூன்று எதிர்வாதங்களைத் தருகிறது. வைத்திருக்க நியாயமான காரணம் இருந்தது என்பது ஒன்று. படத்தைப் பார்க்கவில்லை, அது அப்படியானது என்று தெரியவும் இல்லை, சந்தேகிக்கக் காரணமும் இருக்கவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது தம்பிக்கென்றே எழுதியதுபோல இருக்கும்: கேட்காமலே அனுப்பப்பட்டது, நியாயமற்ற காலத்துக்கு வைத்திருக்கவும் இல்லை. எங்கள் 286அ பிரிவில் இந்த மூன்றில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. இங்கே நாங்கள் உடைமை என்ற சொல்லின் பொருளையும் 73ஆம் பிரிவையும் வைத்துத்தான் அதே இடத்துக்குச் சுற்றிப் போகவேண்டும்.

எழுத்தில் இருந்தால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் இல்லை. 2018இல் லண்டன் பொலிசில் உயர் பதவியில் இருந்த ஒரு பெண் அதிகாரிக்கு அவருடைய சொந்தச் சகோதரி ஒரு வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பினார். 54 வினாடி. கெட்ட எண்ணத்தில் அனுப்பியதல்ல. இதைப் போட்டவனைப் பிடிக்கவேண்டும் என்ற ஆத்திரத்தில் பலருக்கும் அனுப்பியதில் ஒன்று. அதிகாரி அதை ஓடவிட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் என்ன வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பொலிஸ் அதிகாரியாக இருந்தும் முறையிடவில்லை என்று 2019இல் ஜூரிகள் குற்றவாளியாகக் கண்டனர். சம்பளமில்லாத 200 மணித்தியாலச் சமூகசேவை. வேலை போய், 2021இல் மேன்முறையீட்டில்தான் திரும்பக் கிடைத்தது. குழந்தையைக் காப்பாற்ற நினைத்து அனுப்பிய சகோதரியும் விநியோகித்த குற்றத்தில் மாட்டிக்கொண்டார். "எல்லாரும் பாருங்க, இந்த நாயைப் பிடிச்சுக் குடுங்க" என்று எங்கள் குழுக்களில் வருகிற வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். அனுப்பியது அனுப்பியதுதான்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு பிழையான செய்தி எங்கள் பக்கம் வந்து இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்னை இளைஞர் ஒருவரின் போனில் இரண்டு வீடியோ இருந்த வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. தனியே பார்ப்பது மட்டும் குற்றமில்லை என்று அப்போது யூடியூப்காரர்கள் கொண்டாடினார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. போனில் சேமிக்காவிட்டாலும், என்ன என்று தெரிந்துகொண்டே கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தால் உடைமைதான் என்று அது சொன்னது. ஆனால் என்னவென்று தெரியாத ஒரு லிங்கை அழுத்தி, கண்டதும் மூடிவிட்டவர் உடைமையில் வைத்திருந்தவர் ஆகமாட்டார் என்றும் விளக்கியது. அந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. என்றாலும் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையும் அவர்களுடைய பழைய தண்டனைச் சட்டமும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், அங்கே நீதிபதிகள் யோசிக்கிற விதம் இங்கே வாதத்தில் வந்து நிற்கும்.

அப்படியானால் அழித்தது சரியா? தம்பி என்னை அதிகம் குடைந்தது இதற்குத்தான்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது: மூன்றுக்குக் குறைந்த படங்களே இருந்து, வேறு எவரையும் பார்க்கவிடாமல், உடனடியாக, நல்லெண்ணத்தோடு அழித்திருந்தால் அல்லது பொலிசுக்குத் தெரிவித்திருந்தால் அது எதிர்வாதம். நாலு என்றால் இல்லை! தம்பிக்கு வந்தது நாலு. அமெரிக்காவில் பிறந்திருந்தால் இரண்டு வீடியோவால் மாட்டியிருப்பான் என்று பகிடியாகச் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

இங்கே உடனே அழித்தது, வைத்திருக்கும் எண்ணம் இல்லை என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் அதோடு அவனுடைய குற்றமின்மைக்கான சாட்சியும் சேர்ந்து போய்விட்டது. அந்தக் கோப்பு யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் குழு வழியாக வந்தது என்று சொல்லக்கூடியது அந்தச் செய்திதான். வைத்திருந்தால் உடைமை, அழித்தால் ஆதாரம் போச்சு. இந்த இடுக்கிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த ஒரே வழி, கண்டதும் தாமதிக்காமல் ஒரு அதிகாரியின் காதில் போட்டுவிடுவதுதான். அழிப்பதா, அப்படியே கொண்டுவருவதா என்று அவர்களே சொல்லட்டும். அந்த அழைப்பு எத்தனை மணிக்குப் போனது என்பது பிறகு எவராலும் மாற்ற முடியாத பதிவு.

இன்னொன்று, அழித்தோம் என்று நினைப்பது அழிந்திருக்காது. தம்பி போன் திருத்துகிறவன் என்பதால் இதை அவனே எனக்குக் காட்டினான். வட்ஸ்அப் இறக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் திகதி ஒட்டியிருக்கும். வந்தவை ஒரு கோப்புறையில். நாமாக அனுப்பியவை அதற்குள் 'சென்ட்' என்று இன்னொரு கோப்புறையில். ஒருவர் வாங்கியவரா, அனுப்பியவரா என்பது இங்கேயே பாதி தெரிந்துவிடும். பலருடைய போனில் இந்தக் கோப்புறை கூகுள் போட்டோஸுக்கும் தானாக ஏறுகிறது. அங்கே அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். சாதாரண ஆள் மீட்டெடுக்கவே முடியாதபடி அழிந்த படம் அவருடைய உடைமையில் இல்லை என்று 2006இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போட்டர் வழக்கில் சொன்னது. குப்பைத்தொட்டியில் இருப்பதை ஒரு தட்டில் மீட்கலாமே, அதற்கு இந்த வாதம் உதவாது.

கூகுளுக்கு ஏறிவிட்டால் வேறொரு சங்கிலியும் தொடங்கும். பெரிய நிறுவனங்கள் தங்களிடம் ஏறும் படங்களைக் கணினியால் சலித்து, சந்தேகமானதை அமெரிக்காவில் இதற்கென்று உள்ள நிலையத்துக்கு அறிவிக்கின்றன. அங்கிருந்து அந்தந்த நாட்டுக்குத் தகவல் போகும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன் 2021இல் தன் சின்ன மகனுக்கு வீங்கிய இடத்தை டாக்டருக்குக் காட்டப் படமெடுத்தார். படம் தானாகக் கூகுளுக்கு ஏறியது. கணக்கு முடக்கப்பட்டது, பொலிஸ் விசாரித்தது. குற்றமே இல்லை என்று பொலிஸ் எழுதிக்கொடுத்தும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே கலரியில் அழித்தவர் கூகுளிலும் அழிந்ததா என்று பார்க்கவேண்டும். அதற்கும் முதல் முறையிட்டிருந்தால் இன்னும் நல்லது.

வேறு வகைக் கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. திருடிய தகவல், அதாவது யாரோ ஒரு அலுவலகக் கணினிக்குள் புகுந்து எடுத்த வாடிக்கையாளர் பட்டியல், சம்பளப் பட்டியல், மருத்துவ அறிக்கை போன்றவை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு இவற்றை வாங்குவதையும் வைத்திருப்பதையும் இறக்குவதையும் பிரதி எடுப்பதையும் தண்டிக்கிறது. ஆனால் அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ செய்திருக்க வேண்டும். தற்செயலாக வாங்கியவருக்கு இந்த வாசகம்தான் கவசம். கடவுச்சொல்லோடு வந்த கோப்பும் "ஒருத்தருக்கும் சொல்லாதே" என்ற குறிப்பும் அந்தக் கவசத்தில் விழுகிற ஓட்டைகள்.

அரசியல் படங்கள் எங்கள் மாவட்டத்தில் தனிக் கதை. தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னம், தலைவரின் படம், நவம்பர் மாதப் பாட்டு. முகநூல் பதிவுகளுக்காக வடக்கு கிழக்கில் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான செய்திகளை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு மூதூரிலும் கிண்ணியாவிலும் இருக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்தப் பயம் வந்தது. போனுக்குள் என்ன கிடக்கிறது என்று ஆட்கள் ராத்திரியில் இருந்து துடைத்தார்கள். வெறுப்பைத் தூண்டியதாகச் சொல்லும் வழக்குகளுக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வேறு இருக்கிறது. இவை பெரும்பாலும் வெளியிட்டவரை, பரப்பியவரைப் பிடிக்கிற சட்டங்கள். வெறுமனே வந்து கிடந்ததற்கு நல்ல எதிர்வாதம் உண்டு. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எதிர்வாதம் பேசுகிற நாள் வருவதற்குள் காலம் போய்விடும். தடுப்புக் கட்டளையின் உச்ச எல்லை 18 மாதமாக இருந்து, 2022இன் திருத்தத்தில்தான் 12 மாதமானது. சாதாரண வழக்கில் பொலிசிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சான்றாகாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னது சான்றாகும். ஆகவே இங்கே என் யோசனை எதிர்வாதத்தில் இல்லை, அமைப்பில்தான்: தானாக இறங்குவதை நிறுத்துங்கள், தெரியாதவர் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாதபடி மாற்றுங்கள். இரண்டும் இரண்டு நிமிட வேலை.

இனித் தம்பியின் தொழிலுக்கு வருவோம். அவனுக்கு வந்த நாலு வீடியோவைவிட, அவன் மேசையில் தினமும் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு போன்கள்தான் எனக்குக் கவலை தந்தன. ஸ்கிரீன் மாற்றியபின் கலரி வேலை செய்கிறதா என்று பார்ப்பான்; பழைய போனிலிருந்து புதியதற்குப் படங்களை மாற்றிக் கொடுப்பான். 286அ பிரிவை எழுதிய காலத்தில் இந்த வேலையைச் செய்தது ஸ்டூடியோக்காரர். ஆகவே அந்தப் பிரிவு, கழுவக் கொடுத்த பிலிம் சுருளில் பிள்ளையின் ஆபாசப் படத்தைக் கண்ட ஸ்டூடியோக்காரர் உடனடியாகப் பக்கத்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிக்காவிட்டால் 2 வருடம் வரை சிறை. பிலிம் போய், ஸ்டூடியோக்கள் பாஸ்போர்ட் படத்தில் உயிர்வாழ்கின்றன. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் 286ஆ பிரிவைச் சேர்த்து, கணினி வழியாகச் சேவை தருகிறவருக்கும் இதேபோன்ற கடமையை வைத்தது. நெட் கஃபே, பிரிண்ட் எடுக்கிற கொமினிகேஷன் எல்லாம் அதற்குள் வரும். போன் திருத்துகிறவர் வருவாரா என்பதில் சட்டத்தரணிகள் வாதாடலாம். தம்பிக்கு நான் சொன்னது, வருவாய் என்றே வைத்துக்கொள் என்பதுதான். திருத்துவதற்குத் தேவையில்லாத கோப்புறையைத் திறக்காதே. திறக்க வேண்டிவந்து கண்டால், பிரதி எடுக்காதே, ஸ்கிரீன்ஷொட் எடுக்காதே, பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டாதே. ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அது உன் போனில் புதிதாகப் பிறந்த இன்னொரு படம்.

முறையிடுவது என்றதும் எல்லோரும் தயங்குவது ஒரே காரணத்துக்காக. போனை வாங்கிவைத்துக்கொள்வார்கள், திரும்ப வர மாதக்கணக்காகும், அதற்குள் ஊர் வேறு கதை கட்டும். பொய்ப்பயம் இல்லை, சான்றுப் பொருளாக எடுத்தால் அப்படித்தான் நடக்கும். எடுக்கும்போது, என்ன என்ன எடுத்தோம் என்று திகதி நேரத்தோடு முழுப்பட்டியல் தரவேண்டும் என்று கணினிக் குற்றங்கள் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். நேரே பொலிசுக்குப் போகத் தயங்குகிறவர்களுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தம்பி நாலாம் நாள் காலை 1929க்கு எடுத்தான். அழித்த வீடியோவுக்குப் பதிலாக அவனிடம் என்ன இருந்தது என்றால், குழுவின் அட்மினுடைய போன். குழுவை விட்டுப் போனவர்களின் பட்டியலை வட்ஸ்அப் 60 நாள் வரை காட்டும். அந்த வெளிநாட்டு இலக்கம் அங்கே அப்படியே இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, சட்டத்தரணி நண்பரையும் கூட்டிக்கொண்டு, அட்மினும் அவனுமாகப் பொலிசுக்குப் போனார்கள். நானும் வெளியில் வாங்கில் இருந்தேன்.

முறைப்பாட்டை எழுதிய உத்தியோகத்தருக்குத் தமிழ் கொஞ்சம் ஓடும், எழுதியது சிங்களத்தில். தமிழிலேயே வாக்குமூலம் கொடுக்கக் கேட்கலாம், அது உரிமை. ஆனால் தமிழில் எழுதக்கூடியவர் அன்று கடமையில் இருக்கவில்லை. எழுதிய மொழி விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் இடம்தர வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு சொல்கிறது. நண்பர் அதைத்தான் கேட்டார். உத்தியோகத்தரும் முகம் சுளிக்காமல் வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஐந்தாவது வரியில் "வீடியோக்களைப் பார்த்துவிட்டு அழித்தேன்" என்று வந்தது. தம்பி கையை உயர்த்தினான். "ஓடவிடேல்ல சேர். சின்னப் படம் கண்டதும் அழிச்சன்." அவர் பேனையால் அந்த வரியை வெட்டி, மேலே புதிதாக எழுதி, வெட்டிய இடத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.